கண் நின்ற மூலை

காளியப்பனும் பச்சியப்பனும் அண்ணன் தம்பி பிள்ளைகள். மொரப்பூர் பக்கத்தில் ஒரே ஊர். சென்னையில் ஒரே கல்லூரியில் பௌதிகம் படித்தார்கள். மார்க்கில் எப்போதும் காளியப்பன்தான் முந்தி. ஆனால் வடக்கே ஒரு வானாய்வுக் கூடத்தில் இருந்த ஒற்றை வேலைக்கு இருவரும் மனுப் போட்டபோது, அது பச்சியப்பனுக்குப் போனது. காளியப்பன் தருமபுரியில் வாத்தியாரானான்.

கல்யாணம், காரியம் எங்கே போனாலும், "நட்சத்திரம் பாக்குற தம்பி எப்ப வருதுங்க?" என்று அவனிடமே கேட்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வான்.

1938 கோடையில் பச்சியப்பன் லீவில் வந்தான். துணியில் சுற்றிய இரண்டு கண்ணாடித் தகடுகளைக் காளியப்பனிடம் நீட்டினான். வானத்தின் ஒரே இடத்தை வேறு வேறு இரவில் பிடித்த படங்கள்.

"ரெண்டு நட்சத்திரக் கூட்டம் ஒண்ணோட ஒண்ணு கலக்குதுடா. அந்த இழுப்புல கொஞ்சம் நட்சத்திரம் வெளிய செதறி, கீத்தாட்டம் நிக்குதுங்கறேன். எங்க தொரை, தகட்டுல பூசுன மருந்துக் கோளாறுங்கறாரு. எந்த எடம்னு நான் சொல்ல மாட்டேன். நீ பாத்துச் சொல்லு."

காளியப்பன் முதல் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். தகட்டில் வெளிச்சம் கறுப்பாகத்தான் விழும். இரண்டு கறுப்புத் திட்டுகள். மேல் திட்டிலிருந்து புகைபோல் ஒரு கீற்று வளைந்து போனது. இரண்டாம் தகட்டிலும் அதே இடத்தில் அதே கீற்று. மருந்துக் கோளாறு இரண்டு தகட்டிலும் ஒரே இடத்தில் விழாது. இவன் ஜெயித்துவிட்டான் என்று புரிந்ததும் வயிறு எரிந்தது.

"ஒண்ணுந் தெரியலடா" என்றான்.

"செரி" என்று தகடுகளைச் சுற்றிக்கொண்டு போனான் பச்சியப்பன்.

மூன்று வருஷம் கழித்துத் தபாலில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகை வந்தது. பச்சியப்பனின் கட்டுரை. கடைசி வரியில், தருமபுரி காளியப்பனுக்கு நன்றி.

"நம்ம பள்ளிக்கூடத்துக்கே பெருமைங்க" என்று தலைமையாசிரியர் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் வாசித்துக் காட்டினார். காளியப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த பொங்கலுக்குப் பச்சியப்பன் ரயிலை விட்டு இறங்கியதும் காளியப்பன் பிளாட்பாரத்திலேயே அவனை மறித்தான்.

"ஒண்ணுமில்லைன்னுதானே சொன்னேன்? எதுக்குடா எம் பேரப் போட்ட?"

"நீ சொன்னத எவன் கேட்டான்? ரெண்டு தகட்டுலயும் உங் கண்ணு ஒரே மூலைல போயி நின்னுது. நான் பாத்த மூலை அதுதான். அப்பறந்தான் எனக்குத் தைரியமே வந்துது."

பொய் சொல்லியும் இவனுக்கே உதவியிருக்கிறோம்! காளியப்பன் அன்றோடு பேச்சை நிறுத்தினான்.

ஜெர்மன், ஜப்பான் சண்டையெல்லாம் ஓய்ந்த மறு வருஷம் பச்சியப்பனே வீடு தேடி வந்தான். காளியப்பன் மனைவி காசியம்மாள் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை.

"எம்மேல கோவம் இருந்தா இருக்கட்டும். இந்தப் புதுத் தகட்டப் பாரு."

வாங்கக் கூடாது என்றுதான் நினைத்தான். கை நீண்டுவிட்டது. வெகுநேரம் பார்த்தான்.

"மூணு கீத்து இருக்குது."

"ரெண்டுதான்டா."

"மூணு. அடில பாரு, மெல்லிசா."

பச்சியப்பன் தகட்டை வெடுக்கென்று பிடுங்கி ஜன்னலுக்கு ஓடினான். திரும்பியபோது முகம் சுண்டியிருந்தது. "ஆமா" என்றான், கேட்டும் கேட்காமலும்.

அந்த முகத்தைக் காளியப்பன் ஆசை தீரப் பார்த்தான்.

"காசி, இவனுக்கும் சேத்துச் சோறு போடு" என்றான்.