அம்மா வரி சொல்லிக் கொடுத்த பாட்டு

பிள்ளைகளே, போன ஓணம் லீவுக்கு நீங்கள் இரண்டு பேரும் வள்ளியூரில் அத்தை வீட்டில் இருந்தீர்களே, அந்த வாரத்துச் சனிக்கிழமை இங்கே திருவனந்தபுரத்தில் நடந்த ஒரு காரியத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போய்ப் படிங்க" என்று முடித்துவிடுவாள். அதனால் நான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னவன் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிப்பதால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். மூத்தவள் அவனுக்கு வாசித்துக் காட்டட்டும்.

அம்மாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது உங்களுக்குத் தெரியும். கட்டியை எடுத்தாகிவிட்டது, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னபோது நாம் எல்லாரும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்கால் போட்டோம். ஆனால் அதற்குப் பிறகு பேச்சு வந்ததே தவிர பாட்டு வரவில்லை. பேசும்போதே தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு. பாட வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான். சில பேருக்கு இப்படி ஆவதுண்டு, பழையபடி வருமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். யாரையும் குறை சொல்ல வழியில்லை.

கரமனைப் பக்கம் மாடி அறையில் நாம் ஞாயிறுதோறும் கூடுகிற தமிழ்ச் சபையில் பாட்டு என்றால் அம்மாதான் என்று இருந்தது. கொத்தனார்கள், ஓட்டல் வேலைக்காரர்கள், சாலைக் கடைத் தெருவில் மூட்டை இறக்குகிறவர்கள், எல்லாரும் அவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பாடுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். பாட்டு ஆரம்பித்தால் முந்தானையைச் சரிசெய்வாள். இல்லாவிட்டால் யார் குழந்தையாவது சிணுங்குகிறதா என்று பார்த்து, அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். ஓணத்துக்கு முந்தின வாரம் என்னிடம் சொன்னாள்: "இனிமே நான் சபைக்கு வரல. நீங்க பிள்ளையளக் கூட்டிட்டுப் போங்க. பாடாதவளுக்கு அங்க என்ன வேலை?"

உடைந்த டைல்ஸைப் பெயர்த்துவிட்டு வேறு பதிக்க எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஜெபம் மட்டும் பண்ணினேன். அவள் சொன்னால் சொன்னதுதான், உங்களுக்கே தெரியும்.

அந்த நேரத்தில்தான் ஆராதனை மாநாடு வந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய அரங்கத்தில், பல சபைகள் சேர்ந்து நடத்தியது. தம்பானூர் ஓட்டலில் சமையல் பார்க்கிற நம் சபை அக்கா காலையிலேயே நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி, கெளம்பு."

"நான் வரலக்கா."

"உன்ன யாரு பாடக் கூப்பிட்டா? ஏசியில உக்காந்துட்டு, மத்தியானம் அவிய போடுத பிரியாணியத் தின்னுட்டு வருவோம்."

"பிரியாணிக்காவ ஒரு ஆராதனையா?"

"ஆமா. ஆண்டவர் அப்பத்தையும் மீனையும் பங்கு வச்சாருல்லா, அன்னைக்கு வந்தவிய எல்லாரும் பிரசங்கம் கேக்கவா வந்தாவ?"

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்தால் அக்கா விடமாட்டாள். இதுதான் கடைசி என்று என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுத்தான் சேலை மாற்றினாள்.

அரங்கத்துக்குள் போனதும் எனக்கே கொஞ்சம் மிரட்சியாக இருந்தது. மேடையில் நீலமும் சிவப்புமாக விளக்குகள் சுற்றின. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி ஸ்பீக்கர். பாட்டு வரிகள் தெரிய ஒரு பெரிய திரை. இடது ஓரத்தில் 'தமிழ்' என்று அட்டை குத்தி வைத்த இடத்தில் நாங்கள் உட்கார்ந்தோம். முதல் பாட்டுக்கு டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்ததும் மலையாளத்துப் பிள்ளைகள் எழுந்து குதித்தார்கள். எங்கள் ஆட்கள் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். என் பக்கத்தில் சங்கரன்கோவில் கொத்தனார் தம்பி நெஞ்சைத் தடவிக்கொண்டு, "அண்ணாச்சி, உள்ளுக்குள்ள கான்கிரீட் மிஷின் ஓடுத மாதிரி இருக்கு" என்றான். ஆனாலும் அவன் கால் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

பிரசங்கியார் வெளிநாட்டிலிருந்து வந்தவர். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, பக்கத்தில் நின்றவர் மலையாளத்தில் சொல்ல, அதைக் கேட்டு எங்கள் முன்னால் திரும்பி உட்கார்ந்திருந்த ஒரு பையன் மைக் இல்லாமல் தமிழில் சொன்னான். நல்ல பிரசங்கம். ஆனால் எங்களுக்கு வந்து சேர நேரம் ஆனது. அவர் ஒரு வேடிக்கை சொன்னார், முன்வரிசை சிரித்தது, பிறகு அரங்கம் சிரித்தது. நாங்கள் சிரித்தபோது அவர் இறந்துபோன தன் தாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். "பக்கத்தில் இருப்பவரிடம், ஆண்டவர் உன்னை மறக்கவில்லை என்று சொல்லுங்கள்" என்றார். அதுவும் எங்களிடம் தாமதமாகத்தான் வந்தது. அரங்கம் முழுக்கக் கண்ணை மூடி ஜெபத்தில் இருக்கும்போது ஓட்டல் அக்கா அம்மாவின் தோளைத் தட்டி, "ஏட்டி, ஆண்டவரு ஒன்ன மறக்கலயாம்" என்று உரக்கச் சொன்னாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மறுபடியும் கூடியபோது, ஆராதனை நடத்துகிற பெண் மைக்கில் வந்து, தமிழ்ச் சகோதரங்களுக்காக ஒரு பழைய தமிழ்ப் பாட்டைப் பழகியிருக்கிறோம், நீங்கள் எழுந்து நின்று எங்களோடு பாட வேண்டும் என்றாள். எங்கள் பக்கம் ஒரே சந்தோஷம். இரண்டு பாஷை கடந்து வருகிற மிச்சத்தை வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு முழுப் பாட்டு. எல்லாரும் எழுந்து நின்றோம். எங்கள் ஊர் வேதக் கோயில்களில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு அது. பல்லவியைக் கூரை இடிகிற மாதிரிப் பாடினோம்.

சரணம் வந்தது. திரையில் வரிகள் வந்தன. எல்லாம் மலையாள எழுத்தில் இருந்தன.

தப்பாக ஒன்றும் நினைக்க வேண்டாம். பாடுகிற பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர்கள் காதால் கேட்டு மலையாளத்தில் எழுதிப் பழகியதையே திரைக்கும் கொடுத்துவிட்டார்கள். தமிழ்ப் பாட்டு, தமிழ்ச் சொல்தானே, தமிழர்கள் பாடிவிடுவார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. பஸ் போர்டையே நிறம் பார்த்தும் ஆளைக் கேட்டும் ஏறுகிறவர்கள். உங்களைப் போல வாசிக்கிற பிள்ளைகள் யாரும் அன்று எங்கள் வரிசையில் இல்லை. சரணமோ யாருக்கும் மனப்பாடமாக முழுசாகத் தெரியாது.

ஏன் தெரியாது என்றால், எங்கள் ஊர்க் கோயிலில் அதற்கு அவசியமே வந்ததில்லை. அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம். அதனால் ஒருவர் அடுத்த வரியைப் பாட்டுக்கு இடையில் கிடைக்கிற இடைவெளியில் வேகமாகச் சொல்லிக் கொடுப்பார். கேட்டதும் சபை அதைப் பாடும். வாசிக்கத் தெரிந்தவர்கள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நம் மாடி அறைச் சபையிலும் அப்படித்தான். வரி சொல்லிக் கொடுக்கிறதும் அம்மாதான், கூடவே பாடுகிறதும் அம்மாதான். இரண்டும் ஒரே வேலை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள், நாங்களும் நினைத்திருந்தோம்.

டிரம்ஸ் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் முதல் வரியைப் பாடிவிட்டு, அடுத்ததை நீங்கள் பாடுங்கள் என்று மைக்கை எங்கள் பக்கமாக நீட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. ஆயிரக்கணக்கான பேர் எங்களைப் பார்க்கிறார்கள். கொத்தனார் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "நம்ம பாட்டப் போட்டு நம்மளையே ஊமையாக்கிட்டாவளே அண்ணாச்சி" என்றான். அந்தப் பெண்ணின் முகமும் வாடியது. தன் உச்சரிப்பு சரியில்லையோ என்று நினைத்திருப்பாள்.

அப்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கரகரத்த சத்தம்.

"வறண்ட நிலத்தில் வாய்க்கால் ஆனாரே."

பாட்டாக இல்லை. அடுப்படியிலிருந்து உங்களைக் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னாள். சொன்ன மறு நொடி ஓட்டல் அக்கா எடுத்தாள், அதைக் கொத்தனார் தம்பி எடுத்தான், எங்களைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை அந்த வரியைப் பாடியது. பாடி முடிக்கிற இடத்தில் அம்மா அடுத்த வரியைப் போட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். அவளே யோசித்துச் செய்திருக்க மாட்டாள் என்று இப்போதும் நினைக்கிறேன். இடைவெளி வந்தது, பழகிய வாய் திறந்துகொண்டது.

மேடையில் அந்தப் பெண் கையை உயர்த்தி டிரம்ஸை அடக்கினாள். படியிறங்கி எங்கள் வரிசைக்கே நடந்து வந்தாள். உங்கள் சின்ன மாமா மகள் வயதுதான் இருக்கும். அம்மா முன்னால் மைக்கை நீட்டி, "சேச்சி, இதில பறயாமோ?" என்றாள், இதில் சொல்வீர்களா என்று.

அம்மா கழுத்துத் தழும்பில் கையை வைத்துக்கொண்டாள். "எனக்குப் பாட வராது மோளே. ஆபரேஷன் பண்ணுன தொண்டை."

"பாடண்டா சேச்சி. பறஞ்ஞா மதி."

பாட வேண்டாம், சொன்னால் போதும். அந்தப் பெண் ஒரு அவசரத்துக்குச் சொன்னதுதான். ஆனால் நான், டாக்டர், அக்கா, ஜெபிக்க வந்த அத்தனை பேர், ஒருவருக்கும் இத்தனை மாதமாக அந்த வார்த்தை தோன்றவில்லை. அம்மா அவளையே பார்த்தாள். பிறகு மைக்கை வாங்கினாள்.

பிள்ளைகளே, அதற்கு மேல் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அம்மாவின் கரகரப்பு அந்தப் பெரிய ஸ்பீக்கரில் வந்தபோது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. நல்ல குரலாக இருந்திருந்தால் டிரம்ஸோடு கலந்து போயிருக்கும். இது கலக்கவில்லை. அவள் சொன்னாள், தமிழ்ப் பக்கம் பாடியது. அடுத்த சரணத்தில் மலையாளப் பக்கமும் பாடியது. அவர்களுக்கும் திரை தேவைப்படவில்லை, காதில் விழுந்ததை அப்படியே பாடினார்கள். டிரம்ஸ் அடிக்கிறவன் அவள் சொல்லும் இடத்தில் கையை நிறுத்தி, பாடும் இடத்தில் அடிக்கப் பழகிக்கொண்டான். பிரசங்கியார் மேடையில் கையை உயர்த்திக்கொண்டு அவருக்கு வந்த தமிழைப் பாடினார். மொழிபெயர்க்கிற பையன் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அன்று முதல் தடவையாக எல்லாரோடும் சேர்ந்து பாடினான். கடைசிச் சரணத்தை விட மனசில்லாமல் திரும்பத் திரும்பப் பாடினார்கள். அத்தனை ஜனமும் உங்கள் அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. கொத்தனார் தம்பி வெட்கமில்லாமல் அழுதான். நான் அழவில்லை என்று சொன்னால் அக்கா உங்களிடம் மாற்றிச் சொல்வாள், அதனால் சொல்லவில்லை.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும் அம்மா மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் ஏதாவது பெரிதாகச் சொல்வாள் என்று பார்த்தேன். "தொண்ட வலிக்கி. வெளிய போய் ஒரு சாயா வாங்கித் தாங்க" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சும்மா இருக்கவில்லை. "நான் பிரியாணிக்குக் கூட்டிட்டு வந்தேன், இவ மேடைக்காரியள எல்லாம் கீழ எறக்கிட்டா. நாளைக்குச் சபையில வரி யாருட்டி சொல்லுவா? நீ வரமாட்டேன்னுல்லா உன் வீட்டுக்காரருட்ட சொல்லியிருக்க?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், இதை அக்காவிடம் யார் சொன்னது என்பது போல. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நாந்தான் சொல்லுவேன். வேற யாரு சொல்லுவா?" என்றாள்.

மறுநாள் சொன்னாள். இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாட்டு திரும்பி வரவில்லை, இனி வராமலும் போகலாம். நான் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது அவள் இழந்த குரலை. அவளிடம் மீந்திருந்த குரலுக்கு ஒரு இடம் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களிடமும் வாழ்க்கையில் ஏதாவது ஒன்று போகும். அப்போது மீதி என்ன இருக்கிறது என்று ஒரு தடவை வாயைத் திறந்து பாருங்கள்.

அந்தத் திங்கட்கிழமை நான் வேலைக்குச் சீக்கிரமாகப் போய்விட்டேன். புதுக் கட்டிடம், ஐந்தாவது மாடி, கதவு ஜன்னல் மாட்டாத வீடு. கூட வேலை செய்கிறவர்கள் இன்னும் வரவில்லை. எனக்கு ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது, உங்களுக்குத் தெரியும். வெறும் ஹாலின் நடுவில் நின்று, அம்மா சொன்ன மாதிரியே அந்த வரியை உரக்கச் சொன்னேன். நான்கு சுவரும் அதைத் திருப்பிச் சொல்லின. அவை சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த வரியைச் சொல்லிக் கொடுத்தேன்.