சங்ககிரியில் இருக்கும் இன்னொருத்தி

ஜெர்மனியில் பிறந்தநாளுக்கு முன்பாக யாருக்கும் வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கெடுதல் வருமாம். இது தெரியாததால் ஒரு மாலை முழுக்க நான் கைகால் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். என் மகள் யாழினிக்கு ரத்தப் புற்றுநோய். ஐந்தாவது பிறந்தநாளன்று அவள் மருத்துவமனையில் இருக்க வேண்டியிருந்ததால் முந்தைய வாரமே வீட்டில் கேக் வெட்டினோம். பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்றபடியே பொம்மையை நீட்டினார். உள்ளே வந்து வாழ்த்துங்கள் என்றேன். முகம் மாறி, "நோஹ் நிஷ்ட், நோஹ் நிஷ்ட்" என்று பின்வாங்கினார். இன்னும் இல்லை என்று பொருள். அந்த நாள்வரை இவள் இருக்க மாட்டாள் என்கிறாரோ என்று பயந்துபோனேன். மறுநாள் அலுவலக நண்பர் விளக்கிய பிறகும் அந்தச் சொல் எங்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை.

"நோய் இருக்கிறது என்று வீட்டு நல்ல காரியங்களை நிறுத்தாதீர்கள்" என்று மருத்துவர் அடிக்கடி சொல்வார். மகன் அகிலனுக்கு மூன்று வயது ஆகியிருந்தது. மொட்டை, காதுகுத்து இரண்டையும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். கடைசியில் மனைவி கவிதா மகளுடன் மருத்துவமனையில் தங்க, நான் மகனைத் தூக்கிக்கொண்டு சங்ககிரிக்கு வந்தேன்.

கவிதாவின் அண்ணன் செந்தில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில், காலை வெயிலில் அவர் சம்மணமிட்டு அமர்ந்து அகிலனை மடியில் வைத்துக்கொண்டார். முதலில் மொட்டை. முடி விழ விழ உள்ளிருந்த தலை தெரிந்தது. காதுக்கு மேலே நீலமாக ஓடும் நரம்பு, பின்மண்டையின் லேசான பள்ளம், எல்லாம் நான் ஏற்கெனவே பார்த்த தலை. யாழினிக்கு மருந்தால் முடி கொட்டி, கன்னம் உப்பியிருந்தது. இவனுக்கு இயல்பிலேயே உப்பிய கன்னம். மழித்து முடித்ததும் மாமன் மடியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"அப்படியே அக்காளாட்டமே இருக்கறானுங்க மாப்ள" என்றார் செந்தில். சொல்லிவிட்டு அவன் தலையில் சந்தனத்தைப் பூசினார்.

காணொலி அழைப்பில் யாழினி பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் சந்தனம் பூசிய தலை பளபளத்தது.  அவள் திரையைத் தொட்டு, "அப்பா, அங்க நான் இருக்கேன்" என்றாள். திருத்த வாயெடுத்தேன். 

அதற்குள் பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "பொண்ணுக்கும் மொட்டை போட்டாச்சுங்களா? எந்தக் கோயிலுங்க?"

"வெளியூருங்க" என்றேன்.

"நல்லா இருக்கட்டும் சாமி" என்று திரையைப் பார்த்துக் கையெடுத்தார். அங்கே ஜெர்மனியில் எல்லாரும் பார்வையைத் திருப்பிக்கொள்ளும் தலைக்கு, இங்கே கும்பிடு கிடைத்தது.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்த அன்று டிராமில் ஒரு முதியவள் அகிலனின் தலையைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள். கண் கலங்க, "டாப்ஃபர்" என்றாள். தைரியசாலியாம். இவன் நன்றாக இருக்கிறான், நோயாளி வேறொரு பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யாழினியை நானே ஒதுக்கிவைப்பது போலிருந்தது. நன்றி சொல்லி உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. மகனின் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

சிகிச்சைக்கு இடையே வீட்டுக்கு வந்திருந்த யாழினி தம்பியின் தலையைத் தடவிப் பார்த்தாள். குத்திய காதைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் திறந்திருந்த கதவை எட்டிப் பார்த்து, "நான் வரலயா?" என்று கேட்டாள். கவிதா அழுகையை மறைக்கச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மருத்துவமனையில் தங்கும் காலம் முடிந்து இப்போது வீட்டில் மாத்திரை மட்டும். போன முறை ரத்தம் பார்த்துவிட்டு மருத்துவர் சிரித்தார். இரண்டு தலைகளிலும் முடி துளிர்க்கிறது, அவனுக்கு அடர்ந்து, அவளுக்கு மெல்லிய பூனைமுடியாக. நாங்கள் தேறிவருகிறோம் என்றுதான் ஊருக்குச் சொல்கிறோம்.

போன ஞாயிறு செந்தில் காணொலியில் அழைத்திருந்தார். யாழினி போனை வாங்கிக்கொண்டு, "மாமா, நான் அங்க நல்லா இருக்கேனா?" என்றாள்.

நான் போனைப் பிடுங்கப் போனேன். செந்தில், "உனக்கென்ன சாமி, ஊட்டு வாசல்ல வெளையாடிட்டு இருக்கற. பாரு" என்று போனைத் திருப்பிக் காட்டினார்.

காலி வாசல். வெயில். காற்றில் ஆடும் கொடிக்கயிறு. யாழினி முகமெல்லாம் சிரிப்பாகக் கையசைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றிருந்த நான், எங்கள் ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருக்க, அந்த வாசலில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.