பதினேழாம் எண் முத்திரை

அந்தச் சீட்டில் முத்திரை குத்தியது அக்காவின் கையா, என் கையா? பதினொரு வாரமாகிறது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும், துணி காயப்போடும்போதும், சந்தையில் கீரைக்கட்டைப் புரட்டிப் பார்க்கும்போதும் இந்தக் கேள்வி கூடவே வருகிறது. இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

அந்தச் சீட்டின் படம் என் கைப்பேசியில் இருக்கிறது. புகை படிந்த சுவருக்கு முன்னால், முகம் தெரியாத ஒரு தாய் கட்டைவிரலால் பிடித்திருக்கும் சிறிய வெள்ளைச் சீட்டு. சோதித்தாகிவிட்டது என்று அதில் அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே நீல மையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பதினேழு. எண் இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருப்பதுபோல் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தால், அந்தத் தாய் சீட்டையே சாய்த்துப் பிடித்திருக்கிறாளோ என்று தோன்றுகிறது. அக்கா நின்றுகொண்டு குத்துவார். எண் நேராக விழும். நான் முக்காலியில் உட்கார்ந்து, பிள்ளை சுமந்த வயிற்றுக்கு மேலாகக் கையை எட்டிக் குத்துவேன். எண் சாய்ந்து விழும். இவ்வளவு தெரிந்தும் ஒரு படத்தை வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை. சில நாள் நேராகத் தெரிகிறது. சில நாள் சாய்ந்து தெரிகிறது.

மலேசியாவின் ரவாங்கில், குழந்தை அறையில் மாட்டும் கேமரா செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நானும் அக்காவும் வேலை செய்தோம். நான் டிப்ளோமா முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை என்று போய்ச் சேர்ந்தவள். அக்கா என் உடன்பிறந்தவர் இல்லை, அங்கே எல்லாருக்கும் அக்கா; இருபத்திரண்டு வருடம் இருந்தவர். ஈஜோக்கைத் தாண்டி ஒரு தோட்டத்து லயத்தின் வரிசை வீடொன்றில் பிறந்தவர். பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் தாயோடு எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்கியே கழிந்தது என்பார். பத்தொன்பது வயதில் இந்தத் தொழிற்சாலைக்கு வந்தாராம். "ஏர்கோன்ல உக்காந்து சாப்புடுற வேலை லா இது," என்று அடிக்கடி சொல்வார். உண்மையில் எட்டு மணி நேரமும் நிற்கிற வேலை அது. ஆனாலும் அவர் சொல்லும்போது அந்தக் குளிர்காற்றே ஒரு பட்டம்போல் இருக்கும்.

எங்கள் வேலை கடைசி மேசையில். ஒவ்வொரு கேமராவையும் மின்சாரத்தில் மாட்டி, விளக்கு எரிகிறதா, படம் தெரிகிறதா என்று பார்த்து, சீட்டில் எங்கள் எண்ணைக் குத்திப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அக்காவின் எண் பதினேழு, என் எண் இருபத்து மூன்று. முத்திரையை மற்றவர் கையில் கொடுக்கக் கூடாது. அது முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி. நான் முழுகாமல் இருந்த ஐந்தாம் மாதத்தில் என் முத்திரையை வாங்கிக்கொண்டார்கள். வயிற்றோடு மேசையில் நிற்கக் கூடாது, ஸ்டோருக்குப் போ என்றார்கள். ஸ்டோர் என்பது தகரக் கூரைக்குக் கீழே அட்டைப் பெட்டிகளை அடுக்குகிற இடம். மேசையில் நிற்கக் கூடாதவளைப் பெட்டி தூக்க அனுப்புவதில் என்ன நியாயம் என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அக்கா போய்க் கேட்டார். சீட்டு மடித்துக் கொடுக்கத் தனக்கு ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி, என்னைத் தன் மேசைக்கே வாங்கிக்கொண்டார். எங்கிருந்தோ ஒரு முக்காலியும் வந்தது.

பதிவேட்டில் நான் சீட்டு மடிப்பவள். ஆனால் கேமராக்கள் குவியும்போது சும்மா மடித்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. பாதித் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அக்கா தடுக்கவில்லை, முத்திரையை இருவருக்கும் நடுவில் வைத்தார். நான்கு மாதம் அந்தப் பதினேழு இரண்டு கைகளில் இருந்தது. அடுத்த மேசைப் பெண் ஒருத்தி, "என்னாக்கா, சின்ன மொதலாளியம்மாவ முக்காலில வச்சிருக்கீங்க?" என்று சீண்டினாள். "மொதல்ல நீ கல்யாணம் பண்ணு. அப்புறம் வயித்தோட வா, உனக்கு சோபாவே போடுறேன்," என்றார் அக்கா. அந்த வரிசை முழுவதும் சிரித்தது. என் வயிற்றைப் பார்த்து, "உள்ள இருக்கறது இப்பவே வேலை கத்துக்குது. பொறந்த ஒடனே என் ஸ்டாம்ப கேக்கும் பாரு," என்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடம். அதைப் பற்றி யாரும் அவரிடம் பேசுவதில்லை; நானும் பேசியதில்லை.

அந்த மாதங்களில்தான் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். அதற்கு முன் ஒவ்வொரு தொகுதியிலும் சில கேமராக்களை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் சூடாகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போம். இனி ஒரு மணி நேரம் போதும் என்றது அறிவிப்பு. அக்கா அதை இரண்டு முறை படித்தார். "ஒரு மணி நேரத்துல சோறே வேவாது," என்றார். அவ்வளவுதான். நாங்கள் ஒரு மணி நேரம் ஓடவிட்டோம், விளக்கு எரிந்தது, குத்தினோம்.

மகள் பிறந்த பிறகு நான் வேலைக்குத் திரும்பவில்லை. அவளுக்கு ஒன்பது மாதம் முடிந்து ஊசி போட்ட மறுநாள், மதியம் மூன்று மணி இருக்கும், உடம்பு சுட்டுக்கொண்டிருந்தது. ஈரத்துணியை நெற்றியில் வைத்துக்கொண்டு கைப்பேசியைப் புரட்டினேன். தொழில்நுட்பச் செய்திகள் போடும் ஒரு பக்கத்தில் அந்தச் செய்தி வந்திருந்தது. குழந்தையின் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த கேமரா புகைந்து, சுவர் கருகியிருந்தது, குழந்தை பிழைத்துக்கொண்டது. படத்தைப் பார்த்ததும் தெரிந்தது, எங்கள் கேமரா. என் மகளின் தலைக்கு மேலேயும் அதேதான் இருந்தது. எழுந்துபோய் மின்கம்பியைப் பிடுங்கினேன். அந்தக் கையோடுதான் எழுதினேன்.

அந்தச் செய்திக்குக் கீழே மலாயில் எழுதினேன், எல்லாரும் படிக்கட்டும் என்று. முதலில், "இதை விற்பனைக்கு அனுப்பிய நிறுவனத்துக்கு மனச்சாட்சி இல்லையா?" என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. நிறுவனம் என்ற சொல்லை எடுத்துவிட்டேன். "இதைச் சரி என்று அனுப்பியவர் யார்? அவர் வீட்டில் பிள்ளை இல்லையா?" என்று மாற்றினேன். இப்போது கூர்மையாக இருந்தது. சோதனை நேரத்தைக் குறைத்த மேலதிகாரிகளை மனதில் வைத்துத்தான் எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையா? நன்றாக அமைந்த ஒரு வாக்கியத்துக்காக எழுதினேனா? என் கணக்கில் என் பெயர் இல்லை. மகளை வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் செல்லப்பெயரும் ஒரு பூப்படமும்தான். பிள்ளை தூங்கி எழுவதற்குள் விருப்பக்குறிகள் குவிந்துவிட்டன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை நிறுவனத்தின் அறிக்கை வந்தது. சோதனை முறையில் எந்தக் குறையும் இல்லையாம், ஒரு தனிப் பணியாளரின் கவனக்குறைவாம், நடவடிக்கை எடுக்கப்படுமாம். அதைப் படித்த அந்தத் தாய், பெட்டிக்குள் கிடந்த சீட்டைப் படமெடுத்துப் போட்டாள். அந்தப் படத்தை யாரோ கொண்டுவந்து என் வரிக்குக் கீழே ஒட்டினார்கள். "நீங்கள் கேட்ட ஆள் இதோ. பதினேழு."

அதன் பிறகு வந்தவற்றை நான் எல்லாம் படித்தேன். பதினேழைக் கைது செய் என்றான் ஒருவன். உள்நாட்டில் செய்தால் இப்படித்தான், நான் வெளிநாட்டுப் பொருளைத்தான் வாங்குவேன் என்றான் இன்னொருவன். மலிவாக வாங்கிவிட்டு அழுவானேன் என்று ஒருத்தி. பிள்ளையைக் கண்ணால் பார்க்காமல் கேமராவால் பார்க்கிற தாய்மார்களுக்கு இது வேண்டும் என்று வேறொருத்தி. அதன் உள்ளமைப்பைப் பற்றி நீளநீளமாக எழுதிய பெரியவர் ஒருவர், கடைசியில் தான் அந்தக் கேமராவைப் பார்த்ததே இல்லை என்றார். பெரிய நிறுவனங்கள் எப்போதும் கீழே இருப்பவர்கள் தலையில்தான் பழியைப் போடும் என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு மூன்று சிரிப்புப் பொம்மைகள் விழுந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாரும் முதலில் படிக்கும் இடத்தில், என் கேள்வி நின்றது.

நான் அதை அழித்தேன். அழிப்பதற்கு முன்பே அதைப் படமெடுத்துப் பலர் பரப்பியிருந்தார்கள். கணவரிடம் சொன்னேன். "உன் பேரு அதுல இருக்கா? இல்லல? அப்புறம் ஏன் மனச போட்டு கொழப்பிக்கிற," என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளைக்காரி இரவெல்லாம் விழித்திருக்கிறாளே என்ற கவலைதான்.

அலுவலகத்தில் நடந்ததை அந்த அடுத்த மேசைப் பெண்தான் தொலைபேசியில் சொன்னாள். உங்கள் முத்திரையை வேறு யாராவது தொட்டதுண்டா என்று அக்காவிடம் கேட்டார்களாம். "என் ஸ்டாம்பு என் கையிலதான் இருந்துச்சு," என்று மட்டும் சொன்னாராம். ஒரு மணி நேர அறிவிப்பைப் பற்றிச் சொல்லப்போனபோது, அது உங்கள் வேலையில்லை என்றார்களாம். நாங்களாக நீக்குவதைவிட நீங்களாக விலகினால் உங்களுக்கு நல்லது என்றார்களாம். அக்கா முத்திரையைத் துணியால் துடைத்து மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாராம். "நீ குத்துனதும் எங்களுக்குத் தெரியும்லா," என்றாள் அந்தப் பெண். "ஆனா அக்கா வாயே தெறக்கல. அதனால நாங்களும் தெறக்கல."

போன மாதம் மகளைத் தூக்கிக்கொண்டு ஈஜோக்குக்குப் போனேன். அங்கே அக்காவின் தம்பிக்குக் கொஞ்சம் செம்பனை நிலம் இருக்கிறது. அக்கா சுங்கை சோவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து தினமும் காலை பஸ் ஏறி வந்து, அங்கே உதிரிப்பழம் பொறுக்குகிறார். தலையில் துண்டு, கையில் உறை, பக்கத்தில் சாக்கு. என்னைக் கண்டதும் உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழாயடியில் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். அப்போதும் கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் மகளை வாங்கினார். "யாரு இது? என் ஸ்டாம்ப கேக்க வந்தியா? லேட்டா வந்துட்டியே லா. குடுத்துட்டேனே," என்றார். மகள் அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, அந்த நம்பரு சாய்ஞ்சிருக்கு. நான் குத்துனதா இருக்கும்."

"வாய மூடு. பதினேழு என் நம்பரு. நேரா இருந்தாலும் என்னுது, சாய்ஞ்சாலும் என்னுது. உள்ள சூடாவறது வெளக்கப் பாத்தா தெரியுமா? உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போ, கொசு கடிக்குது புள்ளைய, காலை மூடு."

அப்படியே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவர் பேசிக்கொண்டே இருந்தார். தம்பி மகள் எல்லாவற்றையும் படித்துக் காட்டினாளாம். "ஒருத்தன் ஜெயில்ல போடுங்கறான். ஒருத்தன் பாவங்கறான். ரெண்டு பேருக்கும் என்னைய தெரியாது. இவனுங்களுக்கு சோறு தண்ணி கெடையாதா?" என்று சிரித்தார். பிறகு மகளின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மொதல்ல ஒரு அம்மா கேட்டா பாரு, வீட்டுல புள்ள இல்லையான்னு, அவ மேல எனக்குக் கோவமே இல்ல. புள்ளைய வச்சிருக்கறவ பயந்துதான் கேப்பா. மத்தவன் கேட்டதுக்கெல்லாம் என்கிட்ட பதிலு இருக்கு. அவ கேட்டதுக்குத்தான் இல்ல."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா," என்றுதான் வந்தது. முத்திரை குத்தியது நானாக இருக்கலாம் என்று சொல்லத் துணிந்தவளுக்கு, அந்த வரியை எழுதியது நான்தான் என்று சொல்லத் துணிவில்லை. முதலாவதில் சந்தேகத்தின் நிழல் இருக்கிறது, ஒதுங்கிக்கொள்ளலாம். இரண்டாவதில் இல்லை.

எங்கள் வீட்டு அலமாரியில் இன்னொரு சீட்டு இருக்கிறது. நான் பிரசவ விடுப்பில் போவதற்கு முந்தின வாரம், அக்கா ஒரு கேமராவை எடுத்து, தன் மேசைக்கு அடியில் இரண்டு நாள் முழுக்க ஓடவிட்டார். மணிக்கொரு தரம் குனிந்து தொட்டுப் பார்த்தார். பிறகு, நான் பார்க்கப் பார்க்கச் சீட்டில் குத்தி, "இது நம்ம புள்ளைக்கு," என்று பெட்டியை என் கையில் கொடுத்தார். அந்தக் கேமராவைத்தான் அன்று மதியம் சுவரிலிருந்து பிடுங்கினேன். அதை மறுபடி மாட்டவில்லை, எறியவும் இல்லை. இன்று காலை அந்தச் சீட்டை எடுத்து, கைப்பேசிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதில் பதினேழு கோடு போட்டதுபோல் நேராக நிற்கிறது. இது யார் கை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு மகளுக்கு முதல் பிறந்தநாள். அக்கா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு எந்த நிறத்தில் கவுன் வாங்குவது என்று நேற்று கேட்டார். மஞ்சள் என்றேன். அவர் வருவதற்கு முன் உண்மையைச் சொன்னால் வராமல் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் வரவழைத்து, என் பிள்ளையை அவர் மடியில் உட்காரவைத்துப் படம் எடுத்தால், அந்தப் படத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? சொல்வது அவருக்காகவா, என் பாரத்தை அவர் மேல் இறக்கிவைக்கவா என்றும் புரியவில்லை. என் பெயரைப் போட்டு, ஒரு மணி நேர அறிவிப்பையும் இரண்டு கைகளையும் பற்றி அதே பக்கத்தில் எழுதலாம். அக்கா மறைத்ததை நான் உடைத்ததாகிவிடுமா? இதைப் படிப்பவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள், பெறாதவர்களும் இருப்பீர்கள். நீங்கள் அக்காவின் இடத்தில் இருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்டது யார் என்று தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.