கடலோரத்தில் தொங்கவிட்ட ஊசல்

எங்கள் விஞ்ஞான வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், தேயிலைத் தொழிற்சாலையில் இன்ஜின் பார்த்தவரின் மகள். மற்றவள் கொட்டகலைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரியின் மகள். டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ்ஸில்தான் போவோம். ஆனாலும் அதுவரை பேசிக்கொண்டதில்லை. பரிசோதனைகளை இரண்டிரண்டு பேராகச் செய்ய வேண்டும் என்றதும், எங்களை யாரும் ஒன்றும் கேட்காமலே ஒரு மேசையில் சேர்த்துவிட்டார்கள். ஐம்பதுகள் முடியப்போகிற காலம் அது.

ஆய்வுகூடம் என்றாலும் அது தகரக் கூரை போட்ட நீளமான அறைதான். மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஊசல் ஆடும்போது அவள் அலைவுகளை எண்ணுவாள். நான் நேரம் பார்ப்பேன். மழை நாட்களில் அவள் வாய்விட்டு எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வோர் அலைவுக்கும் என் முழங்கையில் விரலால் தட்டுவாள். கடைசித் தட்டு மட்டும் பலமாக விழும். உடனே நான் கடிகாரத்தை நிறுத்துவேன். அப்படித் தட்டித் தட்டித்தான் நாங்கள் சிநேகிதிகள் ஆனோம்.

ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், இளைஞர். எங்கள் குளிர் அவருக்குக் கடைசிவரை பழகவில்லை. கழுத்தில் மஃப்ளர் இல்லாமல் அவரைப் பார்த்த ஞாபகமே இல்லை. திணிவுக்கும் நிறைக்கும் உள்ள வேறுபாட்டை அவர் விளக்கிய நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"திணிவு எங்க கொண்டு போனாலும் மாறாது. நிறை அப்பிடி இல்லை. நாங்கள் இப்ப மலையில நிக்கிறம். கடற்கரைக்குப் போனால் எல்லாத்துக்கும் நிறை கொஞ்சம் கூடும்."

அவள் எழுந்து நின்றாள். "அப்ப வாப்பா கொழும்புல நிறுத்து வாங்கிட்டு வர்ற சாமான் இங்க வந்ததும் கொறைஞ்சிடுமா சார்?"

பையன்கள் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை.

"குறையும். ஆனா தராசுக்குத் தெரியாது. படிக்கல்லும் சாமானோட சேர்ந்து குறையுமெல்லோ? ஊசலுக்குத்தான் தெரியும். கடலோரத்தில கொஞ்சம் வேகமா ஆடும்."

"எவ்வளவு வேகமா சார்?"

"கண்ணுக்குத் தெரியாது பிள்ளை. ஒரு நாள் முழுக்க விடாமல் ஆடினால் பத்துப் பதினைஞ்சு செக்கன் வித்தியாசம் வரலாம்."

அன்று பஸ்ஸில் அவளுக்கு வேறு பேச்சே இல்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டதுகூட அவள் காதில் விழவில்லை. "நாம நிக்கிற எடம் அந்த ஊசல் குண்டுக்குத் தெரியுது பாரேன்" என்றாள். எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத்தான் பிடித்திருந்தது.

அடுத்த பள்ளித் தவணை தொடங்கிய கொஞ்ச நாளில், அதே பஸ்ஸில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"எனக்குப் பேசி முடிச்சிட்டாங்க. கொழும்புக்கு அங்கிட்டு. கடலுக்குப் பக்கத்துல வூடாம்."

"அப்ப பரீட்சை?"

"உம்மா வாப்பாக்கிட்ட கேட்டுப் பாத்தாங்க. மாப்பிள்ளை வூட்டுல அவசரப்படுறாங்களாம்."

மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன். நல்லவராம் என்றாள். பஸ் ஒரு வளைவைத் தாண்டியது, இன்னொன்றையும் தாண்டியது. பிறகு அவளாகவே என் பக்கம் திரும்பினாள்.

"நான் அங்க ஊசல் கட்டிப் பாக்குறேன். நீ இங்க பாரு. ஒரே நீளத்துல."

அவள் பள்ளிக்கு வந்த கடைசி நாளில், ஒரே நூல்கட்டையிலிருந்து இரண்டு துண்டு நூல் வெட்டினோம். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி, ஒரே இடத்தில் மையால் அடையாளம் வைத்தோம். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். குண்டு எதுவானாலும் பரவாயில்லை, நீளம்தான் முக்கியம் என்று படித்திருந்தோம்.

கலியாணத்துக்கு அம்மாவுடன் போனேன். உள்ளறையில் பெண்கள் நடுவே குனிந்த தலையுடன் உட்கார்ந்திருந்தாள். கை நிறைய மருதாணி. பக்கத்தில் போனதும் உதட்டை அசைக்காமல் கேட்டாள்: "நூலை வச்சிருக்கியா?" நான் தலையாட்டினேன். அதற்குள் யாரோ என்னைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு அந்த மேசையில் நான் மட்டும். என்னைப் பையன்களோடு சேர்ப்பதா என்று ஆசிரியர் யோசித்தார், பிறகு விட்டுவிட்டார். ஊசலையும் கடிகார முள்ளையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு, எண்ணிக்கையையும் நானே வைத்துக்கொள்ளப் பழகினேன். பல முறை பிழையாகிவிடும். மறுபடி ஆட்டிவிடுவேன். மழை வந்தால் முழங்கை வெறுமையாக இருப்பது தெரியும். பரீட்சையில் தேறினேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத்துக்காக அப்பா என்னைக் கொழும்புக்குக் கூட்டிப் போனார். அது முடிந்ததும் அவளைப் பார்க்க வேண்டும் என்றேன். அப்பா முதலில் தயங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினார். கடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதை நின்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. வீட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"நெறை கூடிட்டேன் பாத்தியா? சார் சொன்னது சரிதான்!"

அவளுடைய மாமியார் அப்பாவை முன்னறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். நான் மெதுவாக, "கட்டிப் பாத்தியா?" என்று கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வந்த புதுசுலயே கட்டினேன். கதவு நெலையில நூலைக் கட்டி, பூட்டைத் தொங்க விட்டேன். மாமி பாத்துட்டுப் பயந்துட்டாங்க. யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு நூலைக் கொண்டுபோய் அடுப்புல போட்டுட்டாங்க. எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறது?"

என் நூல் என் கைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். அவள் குழந்தையை என்னிடம் தந்துவிட்டுப் பூட்டைத் தேடி ஓடினாள். மாமியாரிடம் ஏதோ சொல்லி அனுமதியும் வாங்கி வந்தாள். அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு, நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று பார்க்கப் பின்கட்டிலேயே நின்றார். அப்பாவின் கைக்கடிகாரத்தில் செக்கன் முள் இருந்தது, கேட்டு வாங்கினேன். குசினிக் கூரையின் வளைமரத்தில் நூலைக் கட்டினோம். கடல் இரைச்சல் தகரத்தில் விழும் மழைபோல இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் என் முழங்கையைத் தட்டத் தொடங்கினாள்.

மூன்று தடவை பார்த்தோம். இதே நூலைக் கட்டி நான் மலையில் தனியாக எடுத்த அதே கணக்குத்தான் வந்தது.

"ஒன்னும் மாறலியே" என்றாள்.

"மாறியிருக்கும். நம்மளால பாக்க முடியல, அவ்வளவுதான்."

அவள் பூட்டைக் கையில் பிடித்து நிறுத்தினாள். ஏமாந்த மாதிரி தெரியவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, என்னையும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"நான் போனதுக்கப்புறம் என்னென்ன செஞ்சீங்க? ஒன்னொன்னா சொல்லு."

சொன்னேன். சாய்ந்த பலகையில் சின்ன வண்டியை விட்டு, அது ஓட ஓடச் சொட்டும் மைத்துளிகளின் இடைவெளியை அளந்ததைச் சொன்னேன். கீழே போகப் போகத் துளிகள் விலகிக்கொண்டே போகும் என்றதும், "எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். கையால் காட்டினேன். மரக்கட்டையை மேசையில் இழுத்து உராய்வு பார்த்ததை, கம்பிச் சுருளில் எடையைத் தொங்கவிட்டு அது நீள்வதைப் பார்த்ததை, எல்லாவற்றையும் கேட்டாள். நடுநடுவே என்னை நிறுத்தி, யார் பிழைவிட்டார்கள், சார் என்ன சொன்னார் என்று விசாரித்தாள். பசித்தவள் சாப்பிடுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரோட செஞ்ச?"

"தனியாத்தான்."

"ஏன், வேற யாரையும் போடலியா?"

"போடல. நானும் கேக்கல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே குழந்தை அழுதது. அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "இரு, வந்துர்றேன்" என்று போனாள். திரும்பி வருவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். ரயிலைப் பிடிக்க வேண்டும். ஒரு பொட்டலம் மஸ்கத் அல்வாவை என் கையில் திணித்து, வேலிவரை வந்து நின்றாள். "லீவுக்கு வா, ரெண்டு நாள் தங்குற மாதிரி வா" என்று பஸ் வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த லீவு அமையவில்லை. எனக்கு உடப்புசல்லாவைப் பக்கம் தோட்டப் பள்ளியில் வேலை கிடைத்தது. அவளுடைய வாப்பா கொட்டகலைக் கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு மகள் ஊருக்கே போய்விட்டார். அவர்கள் அந்த வீட்டையும் மாற்றிக்கொண்டு எங்கோ போனதாகக் கடைவீதியில் சொன்னார்கள். எங்கே என்று சொல்ல ஆள் இல்லை.

அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, ரயில் மலையேறி, ஜன்னலில் குளிர் அடிக்கத் தொடங்கியபோதுதான் நினைவு வந்தது. கல்லைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் நிறை பார்த்த பரிசோதனையைச் சொல்ல மறந்துவிட்டேன். தண்ணீரில் கல் எவ்வளவு இலேசாகிவிடுகிறது என்பதைக் கேட்டிருந்தால் அவள் துள்ளியிருப்பாள். எந்த வார்த்தைகளில் அதைத் தொடங்குவது, எங்கே நிறுத்தி அவளைக் கேள்வி கேட்கவிடுவது என்று கொட்டகலை வரும்வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.