கேப்டன் வீலைத் தொடக் கூடாது

“லெஃப்ட் எடு… எடுமா… இன்னும் எடு… சரி உடு, நான் இருக்கேன் இல்ல?”

கடைசி வார்த்தை முடிவதற்குள் டெரிக் மாஸ்டரின் வலது கை ஸ்டியரிங்குக்கு வந்துவிடும். ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் இருப்பீர்கள், ஓட்டுகிறவர் அவர். வியாழக்கிழமை, குழந்தை யேசு கோவிலுக்குக் கூட்டம் சேரும் நேரத்தில், விவேக் நகர் மெழுகுவத்திக் கடைகளுக்கு நடுவே அந்தச் சிவப்பு மாருதி ஊர்ந்து போவதைப் பார்த்தால், உள்ளே இருக்கிற ஆள் கற்றுக்கொள்கிறாரா, கடத்தப்படுகிறாரா என்று சந்தேகமே வரும்.

டிரைவிங் ஸ்கூல் வண்டி என்பதால் இடது பக்கம் அவருக்கென்று தனி பிரேக்கும் கிளட்ச்சும் உண்டு. அது போதாதென்றுதான் கை. ஆட்டோவில் ஏறினாலும் பின்னாலிருந்து டிரைவரின் தோளைத் தட்டி, “செகண்ட்ல போடு குரு, இஞ்சின் அழுவுது பாரு” என்பார். கல்யாண வீடுகளில் போட்டோகிராபரின் முழங்கையைப் பிடித்து நகர்த்துவார். பூசையில் பாதர் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பத் தாமதித்தால், மூன்றாவது வரிசையில் மாஸ்டரின் விரல்கள் துடிக்கும் என்று அவர் மனைவி பிரிஜெட் சத்தியம் செய்கிறார்.

நான் அவரிடம் கற்றவள். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை. இரண்டு பஸ் மாறிப் போய் அலுத்துத்தான் கார் பழகினேன். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது தெரிந்தது. தனியாக ஓசூர் ரோட்டில் இறங்கிய முதல் நாள், வளைவு வந்ததும் பிடியைத் தளர்த்திவிட்டு நான் பாட்டுக்குக் காத்திருந்தேன். இடது பக்கத்திலிருந்து எந்தக் கையும் வரவில்லை. நல்லவேளை, எதிரில் ஒரு மணல் குவியல் இருந்தது.

பிரிஜெட் அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கிறார். நூறு பெற்றோர் ஒரே நேரத்தில் கத்தினாலும் தன் குரலை ஏற்றாத மனுஷி. ஊருக்கெல்லாம் கார் கற்றுக்கொடுக்கிறவரின் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. மாஸ்டர் இரண்டு முறை முயன்றிருக்கிறார். முதல் முறை ஆஸ்டின் டவுனில் கண்ணீரோடு முடிந்தது, கண்ணீர் மாஸ்டருடையது. இரண்டாவது முறை சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அக்கா வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். “ஒரு வண்டிய ஒருத்தர்தான் ஓட்ட முடியும் சங்கமித்ரா. அவரே ஓட்டிக்கட்டும். எனக்கு இன்னா வந்துச்சு?” என்பார் என்னிடம்.

இந்த மனிதரைக் கடலுக்குக் கொண்டுபோன புண்ணியம் என் கணவர் சுனிலைச் சேரும். ஆபீஸ் வேலையாக மலேசியா போய் வந்தவர், லங்காவித் தீவில் பாய்மரப் படகை வாடகைக்குக் கொடுக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே இருக்குமாம். “செல்ஃப் டிரைவ் கார் மாதிரிதான் மாஸ்டர். ஒரு வாரம் கோர்ஸ் பண்ணி சர்டிபிகேட் வாங்கினா போதும், படகை நம்ம கையில குடுத்துடுவாங்க. சர்டிபிகேட் இல்லாதவங்களுக்கு அவங்க ஆளையே கேப்டனா அனுப்புவாங்க.”

“அதாவது, டிரைவர் வெச்சுப் போறது.”

“ஆமா.”

மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். கெட்டுப்போன மீனை மோந்து பார்த்த முகம். “சர்டிபிகேட் நான் வாங்கறேன்” என்றார். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலிலேயே அறிவித்துவிட்டார். விவேக் நகரில் டெரிக் மாஸ்டர் கேப்டன் ஆகப் போகிற செய்தி தெரியாத வீடு இல்லை என்று ஆனது. பாதர் தனியாக ஜெபித்தார் என்று கேள்வி.

கடல் இல்லாத ஊரில் கடல் படிப்பு தொடங்கியது. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கயிற்றில் மாஸ்டர் முடிச்சுப் பழகினார். போட்ட முடிச்சை அவிழ்க்கும் பாடம் புத்தகத்தில் பின்னால் இருந்திருக்கிறது. அக்காவின் இரண்டு சேலைகள் அந்த வாரம் மாடியிலேயே குடியிருந்தன. சாப்பாட்டு மேசையில் டேபிள் ஃபேனை ஓடவிட்டு, காகிதத்தில் பாய் வெட்டி ஒட்டிய சோப்பு டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் மிதக்கவிட்டு, “காத்து எதிர்ல வந்தா நேரா போவ முடியாது, கோணலா போவணும்” என்று எனக்கு விளக்கினார். சாம்பாரில் தண்ணீர் தெறித்தது. “சும்னே பேசிக்கிட்டு இருக்காம சாப்பிடுங்க” என்றார் அக்கா. ஆனால் டப்பா கோணலாகப் போவதை அவரும் கன்னத்தில் கை வைத்துக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டாயிரத்து ஏழில் நாங்கள் நால்வரும் லங்காவி போய் இறங்கினோம். கோர்ஸ் மாஸ்டருக்கு, படகில் கூடமாட வேலை செய்ய நாங்கள் மூவர். பயிற்சி தருகிறவர் பெயர் பழனிச்சாமி. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், வெயிலில் கறுத்து மின்னுகிற இளைஞர். அவர் பேசும் தமிழில் வாக்கியத்துக்கு ஒரு ‘லா’ விழும். முதல் நாளே மாஸ்டரைக் கணித்துவிட்டார்.

“அங்கிள், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கேப்டன் வீலைத் தொடக் கூடாது.”

“பின்ன யாரு ஓட்டறது?”

“வேற யாராச்சும் ஓட்டுவாங்க லா. நீங்க பார்க்கணும், சொல்லணும். வீலைப் புடிச்சா உங்களுக்கு வீல் மட்டும்தான் தெரியும்.”

மாஸ்டர் தலையாட்டினார். அடுத்த அரைமணி நேரத்தில் சுனிலிடமிருந்து மூன்று தடவை, என்னிடமிருந்து நாலு தடவை சக்கரத்தைப் பிடுங்கினார். ஒவ்வொரு தடவையும் அதே வசனம், “உடு, நான் இருக்கேன் இல்ல?” அக்கா சக்கரத்தின் பக்கமே போகவில்லை. கீழே சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

பரீட்சையில் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. ஆரஞ்சு மிதவை ஒன்றை எதிர்பாராத நேரத்தில் தண்ணீரில் வீசுவார்கள். அதுதான் கடலில் விழுந்த ஆள். உடனே ஒருவர் கையை நீட்டி அந்த ஆளைச் சுட்டிக்காட்டியபடி நிற்க வேண்டும். என்ன நடந்தாலும் கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் அலைகளுக்கு நடுவில் ஆள் காணாமல் போய்விடுவார். படகைத் திருப்புவதெல்லாம் மற்றவர்கள் வேலை.

கோர்ஸ் முடிய ஒரு நாள் இருக்கும்போது பழனிச்சாமி மிதவையை வீசினார். மாஸ்டர் சுனிலை இடித்துத் தள்ளிவிட்டுச் சக்கரத்தில் பாய்ந்தார். படகை அற்புதமாகத் திருப்பினார். அந்த மாதிரித் திருப்பத்தை ரிச்மண்ட் சர்க்கிளில்கூட நான் பார்த்ததில்லை. திருப்பி முடித்துப் பார்த்தால் மிதவை எங்கே என்று படகில் ஒருவருக்கும் தெரியவில்லை.

“செத்துட்டாரு அங்கிள்” என்றார் பழனிச்சாமி. “நீங்கதான் சாகடிச்சீங்க.”

அன்று மாலை மாஸ்டர் சாப்பிடவில்லை. துறையில் கட்டிக் கிடந்த படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையும் தோற்றால் சர்டிபிகேட் கிடையாது. அடுத்த நான்கு நாட்களுக்கு நாங்கள் எடுத்திருந்த படகில் அவர்கள் ஆள் ஏறிவிடுவார். டெரிக் மோட்டார் டிரைவிங் ஸ்கூல் முதலாளி, டிரைவர் வைத்துப் போவார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அதை மறைக்கக் கழிவறைக்குப் போனேன்.

மறுநாள் அவரைக் காப்பாற்றியது அக்கா செய்த டீ. பரீட்சை தொடங்கும்போது கொதிக்கக் கொதிக்க ஒரு பெரிய குவளை நிறைய ஊற்றி அவருடைய இரண்டு கைகளிலும் கொடுத்துவிட்டார். “சிந்தாம புடிச்சிருங்க. சிந்துனா வெந்துரும்.” பாவம், எங்கே வைப்பது என்று தெரியாமல் பரீட்சை முடியும்வரை மாஸ்டர் அந்தக் குவளையோடு நின்றார். சுனில் ஓட்டினார், நான் விரல் நீட்டினேன், மாஸ்டர் வாயால் மட்டும் உத்தரவு போட்டார். மிதவை கிடைத்தது. பழனிச்சாமி குவளையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். “பாஸ் பண்ணது அங்கிளா, டீயா தெரியல லா. நாளைக்கு நான் இருக்க மாட்டேன், பார்த்துக்குங்க.”

மறுநாள் படகை எங்களிடமே விட்டார்கள். துறையை விட்டு வெளியே வந்ததும் மாஸ்டர் சக்கரத்தைப் பிடித்தவர்தான், மத்தியானம்வரை விடவில்லை. முகத்தில் அப்படி ஒரு திருப்தி. பாயைச் சரிசெய்ய முன்னால் போக வேண்டி வந்தபோதுதான் சிக்கல். சுனில் கேமராவோடு படகின் ஓரத்தில் இருந்தார், நான் பாய்க் கயிற்றைப் பிடித்திருந்தேன். மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். மிச்சம் இருந்தது பிரிஜெட் அக்கா.

“பிரிஜி, ரெண்டே நிமிஷம். நேரா அந்தத் தீவைப் பார்த்துக்கிட்டு நில்லு. ஒண்ணும் பண்ணாத.”

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தார். மாஸ்டர் நடந்து போனது முன்னால், திரும்பிப் பார்த்தது முழுக்கப் பின்னால். அக்கா நேராகத்தான் ஓட்டினார். அதைப் படம் பிடித்தே தீருவேன் என்று சுனில் ஓரத்துக் கம்பிக்கு வெளியே சாய்ந்தார். ஒரு அலை படகைத் தூக்கிப் போட்டது. கேமராவும் சுனிலும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போனார்கள்.

சுனிலுக்கு நீச்சல் என்றால் அல்சூர் ஏரிக் கரையில் நின்று பார்த்த பழக்கம்தான். உடம்பில் மிதவைச் சட்டை இருந்தது. ஆனாலும் படகு போய்க்கொண்டே இருந்தது, அவர் ஒவ்வொரு நொடியும் சின்னதாகிக்கொண்டே போனார்.

மாஸ்டர் ஓடி வந்தார். சக்கரத்துக்குத்தான் வருகிறார் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குப் பக்கத்தில் வந்தவர், ஒரு கணம் சக்கரத்தைப் பார்த்தார். அப்புறம் அவரைத் தாண்டிப் பின்பக்கம் போய் நின்று, கையை நீட்டினார்.

“அங்க இருக்கான்! சங்கமித்ரா, கயித்த உடு, பாய் படபடன்னு அடிக்கட்டும், ஒண்ணும் ஆவாது. பிரிஜி, இஞ்சின் ஸ்டார்ட் பண்ணு. சாவி உன் முட்டிகிட்ட இருக்கு.”

“ஆச்சு. எந்தப் பக்கம் திருப்பறது?”

“லெஃப்ட். முழுசா திருப்பு. திருப்பு… திருப்பு… போதும். நேரா வா.”

“எனக்கு அவரு தெரியலைங்க!”

“உனக்குத் தெரிய வேணாம். எனக்குத் தெரியுது. என் கையைப் பாரு, அப்படியே வா.”

படகு திரும்பத் திரும்ப அவரும் நின்ற இடத்திலேயே சுற்றினார். விரல் மட்டும் சுனிலை விட்டு நகரவில்லை. நடுவில் ஒரு அலைக்குப் பின்னால் சுனில் மறைந்தார். மாஸ்டர் இமைக்கவில்லை. அக்கா ஒரு தடவை தவறாக வலது பக்கம் ஒடித்தார். மாஸ்டரின் உடம்பு முழுக்கச் சக்கரத்தை நோக்கிச் சாய்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. “இல்ல பிரிஜி, லெஃப்ட்” என்று மட்டும் சொன்னார். அக்கா இடது பக்கம் கொண்டுவந்தார்.

“இஞ்சினை நிறுத்து, இப்பவே” என்றார் மாஸ்டர். படகு தானாக நகர்ந்து சுனிலின் பக்கத்தில் போய் நின்றது. நான் ஏணியை இறக்கினேன். ஏறி வந்த மனிதர் முதலில் சொன்னது, “கேமரா போச்சு.” அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன், முதுகில் இரண்டு அறையும் வைத்தேன். துண்டு கொண்டுவந்து துவட்டினேன்.

அக்கா ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். சுனில் படகுக்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டடி தள்ளி நின்ற டெரிக் மாஸ்டர், கண் இமைக்காமல், கையை விறைப்பாக நீட்டி, இன்னும் அவரையே சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.

“அவரு வந்துட்டாருங்க” என்றார் அக்கா. மாஸ்டருக்குக் காதில் விழவில்லை. அக்கா மறுகையை நீட்டி, கணவரின் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.