எல்லைக்கல்லில் உட்கார்ந்த தும்பி

கல்வராயன் மலையில் மழை விட்ட சில நாட்களுக்கு எதற்கும் அவசரம் இருக்காது. மேகம் மரவள்ளித் தோட்டத்துக்குள் இறங்கி, வந்த வேலையை மறந்து நிற்கும். காலமெல்லாம் வன அலுவலகக் கோப்புகளோடு இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வேகம் எனக்குப் பழக்கம்தான்.

கூட வந்த பெண்ணுக்குத்தான் அவசரம். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருப் பெண். தும்பிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். இந்த மலை ஓடையில் பறக்கும் செம்பு நிறத் தும்பி ஒன்று எந்தப் பட்டியலிலும் இல்லை என்றாள். ஒன்றையாவது பிடித்தால்தான் அதற்குப் பெயர் வைக்க முடியும். ஆய்வின் கடைசி அத்தியாயத்தையும் எழுத முடியும். அது பறப்பதோ இந்தச் சில வாரங்கள்தான். ஓடை இருப்பது காப்புக்காட்டுக்குள்; அங்கே பிடிக்க வன அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

மனுவை நான்தான் எழுதினேன். குறையே இல்லாத மனுவைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குச் சந்தேகம் வரும். அதனால் ஓரிடத்தில் தேதி போடாமல் விட்டேன். அதைக் கண்டுபிடித்த திருப்தியில் மற்றதை விட்டுவிடுவார்கள். கண்டுபிடித்தார்கள், மற்றதை விடவில்லை. தும்பியைப் பிடிப்பதால் ஓடைக்கு என்ன பாதிப்பு என்று கேட்டு அனுப்பினார்கள்.

அதனால் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், ஒருவரின் பட்டா நிலத்தில், வலையோடு உட்கார்ந்திருந்தோம். இங்கே பிடிக்கத் தடையில்லை. நிலத்துக்காரர் மண்வெட்டியை ஊன்றிப் பார்த்தார்.

"இன்னாங்க, தும்பிக்குப் பட்டா குடுக்க வந்தீங்களா?"

"அது இந்தாண்ட வந்தாதான் புடிக்கலாம்," என்றேன்.

"எங்க வூட்டுப் பசங்க அது வாலுல நூலு கட்டி வுட்டுக்கினு கீறானுங்க. அவனுங்க எந்த ஆபீசுல கேக்கணும்?"

பதில் சொன்னால் அதற்கும் ஒரு படிவம் பிறக்கும்.

வெயிலும் நிழலும் மாறி மாறி வந்தன. எனக்குக் கண் சொருகிய நேரத்தில் தும்பி வந்து எல்லைக்கல்லின் தலையில் உட்கார்ந்தது. அவள் வலை பாதி உயரத்தில் நின்றது.

"சார், கல்லு யாருது?"

"புடிம்மா, யாரு பாக்கப் போறா?" என்றார் நிலத்துக்காரர்.

எதிரே ஒரு சரிவு. யாரும் அனுமதி கேட்காத காலத்தில், ஆராய்ச்சிக்கு என்று ஒரு கடிதத்தைக் காட்டி, தரை ஆர்க்கிட் செடிகளைக் கிழங்கோடு சாக்குச் சாக்காக அள்ளிப் போனார்கள். இன்று அங்கே வெறும் உண்ணிச்செடி.

"கல்லு காட்டைச் சேர்ந்ததும்மா," என்றேன்.

வலை இறங்கியது. தும்பி ஓடையோடு மேலே போய்விட்டது.

அனுமதி பனிக்காலத்தில் வந்தது, அடுத்த மழைக்கு முன் காலாவதியாகும்படி. ஆய்வு ஓர் அத்தியாயம் குறைவாகவே போயிற்று. இப்போது உளுந்தூர்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறாள். விதி வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் சாக்கோடு வந்தவனுக்காகப் போட்ட விதிக்கு, வலையோடு வந்தவள் விலை கொடுத்தாள். இருவருக்கும் ஒரே படிவம் வைத்தது எங்கள் சோம்பல்.

அவள் பெயரில் புது மனு போட்டிருக்கிறேன். வருஷா வருஷம் மழை விட்டதும் மலைக்குப் போய், தும்பிக்காக அந்தக் கல்லருகே உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் போன் செய்வாள். மனு என்ன ஆயிற்று என்று முதலில் கேட்கமாட்டாள்.

"இருக்குதா, சார்?"

"இருக்குதும்மா."