தெற்கே திரும்பிய கூரை

பங்குனி மதியத்தில் செருப்பில்லாமல் ஓடிவந்து அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தால், சுட்ட காலுக்குச் சிமெண்டுத் தரை சில்லென்றிருக்கும். கண் கூசாத ஒரு வெளிச்சம் மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். இரும்புலியூரில் நூல் நூற்பதை எப்போதோ நிறுத்திவிட்ட ஆலை அது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் அதை வாடகைக்கு எடுத்து என் அத்தா தையல் கம்பெனி நடத்தினார்.

அக்கம்பக்கத்தில் அதற்கு "ரம்பக் கூரை" என்று பெயர். வரிசையாகப் பல் வைத்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு பல்லிலும் வடக்கே செங்குத்தாகக் கண்ணாடி, தெற்கே சரியும் ஓடு. மின்விளக்கை நம்ப முடியாத காலத்தில் பஞ்சாலைகளை இப்படித்தான் கட்டினார்கள். நம் பக்கம் வருடத்தில் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், வடக்குக் கண்ணாடி வழியே வெளிச்சம் வரும், வெயில் வராது. அறுந்த இழை பளிச்சென்று தெரியும். கறுப்பு நூலையும் கருநீல நூலையும் அதன் அடியில் பிடித்துப் பிரிக்கும்போது அத்தா, "இந்த லைட்டுக்குத்தாம்மா இந்த எடத்தை எடுத்தேன்" என்பார்.

இடத்தின் சொந்தக்காரர் தணிகாசலம் அண்ணன் நல்ல மனுஷர்தான். மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போக, வாஸ்து பார்க்கிற யாரோ கூரையைக் கைகாட்டிவிட்டார். ஒருநாள் காலால் மிதிக்கிற தையல் மெஷின்களுக்கு நடுவே வந்து நின்று, "பாய், கூரை மொத்தமும் தெக்கால சரிஞ்சிகினு கீது. வடக்கால சரியணுமாம். அப்டியே திருப்பி வெச்சிடறேன். கண்ணாடி அதேதான், உனுக்கு இன்னா நஷ்டம்?" என்றார். அத்தாவுக்கு நஷ்டம் தெரியும். சொல்லுங்கள் என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "பொண்ணு விஷயம்மா, நாம எப்டி குறுக்கப் பேசறது?" என்று முடித்துவிட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஓடு வடக்கே சரிய, கண்ணாடியெல்லாம் தெற்கே திரும்பின. தை மாத வெயில் நேராகத் துணி மேல் விழுந்தது. தைக்கிற அக்காமார்கள் கண்ணாடியில் சாக்கைக் கட்டினார்கள். கட்டினால் இருட்டு, ட்யூப்லைட்டைப் போடலாமென்றால் கரண்ட் இல்லை. அந்த இருட்டில்தான் கறுப்பு பேண்ட்டுகளில் கருநீல நூல் ஓடிவிட்டது. லோடு முழுவதும் திரும்பி வந்தது. கம்பெனி அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. எல்லாம் கூரையைத் திருப்பிய நேரம் என்று அண்ணன் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தா சிரித்து வாழ்த்தினார். நான் பந்தியில் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆலை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. ஊரப்பாக்கத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு வடக்கில் ஜன்னலே கிடையாது. நேற்று பொத்தான் தைக்க உட்கார்ந்த அத்தா, இரண்டு நூலை என்னிடம் நீட்டி, "இதுல கறுப்பு எதும்மா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ட்யூப்லைட்டைப் போட்டுப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.